பன்னிரண்டாயிரம் லிட்டர்

மே மாதத்தில் எனக்கு நாளைக்கு ஒன்பது நடை.
வில்பட்டிக்குக் கீழே, கேரட் காட்டோரம்
பொன்னுவேல் மன்னாடியின் ஊற்றில்
ஹோஸை இறக்கிவிட்டு பீடி பற்றவைப்பேன்.
போன வருசம் ஒரு பீடியில் டேங்கர் நிறையும்.
இந்த வருசம் மூன்று.

மோட்டார் இருமும்.
ஊற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு தவளை
ஹோஸின் வாயையே பார்த்திருக்கும்.
அதன் கணக்கில் நான் யார் என்று
யோசிக்காமலிருக்க
பாட்டைச் சத்தமாக வைப்பேன்.

ஏறினால் ரோடு முழுக்கக் கார்.
மூஞ்சிக்கல் தாண்ட ஒரு மணி நேரம்.
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி
‘குளிரவே இல்லையே’ என்கிறார்கள்.
ஆமாம், குளிரவில்லை.
ஜேசிபி பாறையைப் பெயர்த்த இடத்தில்
வெயில் குடிவந்துவிட்டது.
அட்வான்ஸ்கூட யாரும் கேட்கவில்லை.

ரிசார்ட்டின் பெயர் நெய்தல் ஹில்ஸ்.
சிரிக்காதீர்கள், போர்டு அப்படித்தான் இருக்கிறது.
முதலாளி ரெக்ஸ்லினுக்குக் கடற்கரையில் ஒரு லாட்ஜ் இருந்ததாம்.
அலைக்கு மிக அருகே கட்டினார்,
அலை இன்னும் அருகே வந்தது.
மிச்சப் பணத்தோடு
ஏழாயிரம் அடி மேலே ஏறிவிட்டார்.
இங்கே கடல் வராது.
அதனால் அவரே ஒன்று செய்துகொண்டார்:
நீலப் பெயின்ட் அடித்த குளம்,
அலை எழுப்ப மெஷின்,
நாலு லாரி மணல்,
டிரம்மில் நட்ட தென்னை மூன்று.
குளிரில் மட்டை கருகியதும்
பிளாஸ்டிக்கில் மூன்று.

மலையும் மலை சார்ந்த இடமும்
கடலும் கடல் சார்ந்த இடமும்
ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மார்க் கேள்வி.
எனக்கு இரண்டும் கிடைத்தது.
இப்போது கேட்டால் எதை எழுத?
டேங்கரும்
டேங்கர் சார்ந்த இடமும்.

ஞாயிற்றுக்கிழமை ஆறாவது நடையில்
குளத்துப் பக்கம் ஒரே கூச்சல்.
வாயில் ஒட்டிய வலை கிழிந்திருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.
குளோரின் அலையில் தவளை
மேலே போய், கீழே வந்து,
மேலே போய்.
குழந்தைகள் போன்களோடு வளைத்து நின்றார்கள்.
ஹவுஸ்கீப்பிங் அமலி
முட்டிவரை இறங்கி அதைக் கோரி எடுத்து
ஷாம்பு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.
‘உன் லோடுலதான வந்துச்சு,
ரிட்டர்ன் எடுத்துக்க.’

டேஷ்போர்டில் டப்பா.
வளைவுக்கு வளைவு அது சரிந்து
என் பக்கம் வந்தது.
வழியில் ஆயக்குடியிலிருந்து மச்சான் போன்.
‘மேல மழை உண்டா?
வரதமாநதியில சேறுதான் தெரியுது,
கொய்யா பிஞ்சுலயே கொட்டுது.’
சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்தேன்.
சிக்னல் நன்றாக இருந்தது.

ஊற்றில் ஒரு சாண் தண்ணீர் நின்றது.
காலைக்குள் ஊறிவிடும் என்றார் மன்னாடி,
போன மாதம் சொன்ன அதே குரலில் இல்லை.
டப்பாவைச் சாய்த்தேன்.
தவளை விளிம்பில் உட்கார்ந்தது.
உள்ளே குதிக்கவில்லை.
என்னைப் பார்த்தது,
ஹோஸைப் பார்த்தது.

இன்னும் மூன்று நடை பாக்கி.
ரெக்ஸ்லின் இரண்டு தடவை மிஸ்டு கால்.
நான் வலைக்குத் துணி சுற்றி
இறுக்கமாகக் கட்டினேன்.

பிறகு மோட்டாரைப் போட்டேன்.