பொட்டலத்தின் மேல் ஒரு மரம்

கண்ணாடித் துளைக்கு அந்தப் பக்கம் நின்று
இஸ்ஸதீன் கிளினிக் கொப்பியை நீட்டவில்லை;
ஒரு பொட்டலத்தை நீட்டினார்.
டோஹாவிலிருந்து மச்சான் அனுப்பியது.
மேலே பச்சையாய் ஒரு மரம்,
கீழே எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.
அவருக்கு வாசிக்கத் தெரியும், பொருள் தெரியாது.

"அக்றூட் இலை. அவிச்சிக் குடிச்சா
சீனி இறங்கிருமாம்.
குளிசைய உட்டு இருவது நாள்."

இருபது நாள்.
கல்முனை ஆஸ்பத்திரி வரிசை
வாசல் தாண்டி வெயிலில் நின்றது.
வலது கால் பெருவிரலில் சின்னதாய் ஒரு கட்டு.
நான் கட்டைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
"செருப்புக் கடி" என்றார், நான் கேட்காமலே.

அன்றிரவு காரைதீவில்
கரண்ட் போவதும் வருவதுமாய் இருக்க
போன் வெளிச்சத்தில் வாசித்தேன்.

முதல் தாளில் எலிகள்.
ஊசி போட்டு நோயாளியாக்கிய எலிகள்
இலைச்சாறு குடித்துத் தேறின.
எலிக்கென்ன, எதிலும் தேறும்,
பாகற்காயில் தேறும், கறிவேப்பிலையில் தேறும்.
தேறாத எலியைப் பற்றிய தாள்
லேசில் அச்சேறாது.

இரண்டாவதில் மனிதர், அறுபது பேரளவில்.
அக்கரைப்பற்று பஸ்ஸில்
காலையில் அதைவிடக் கூட ஏறும்.
மூன்று மாதம். சீனி இறங்கியது.
அவர்கள் யாரும் குளிசையை விடவில்லை
என்பது உள்ளே எங்கோ ஒரு வரியில்.
மூன்றாவதில் அதே இலை, வேறு ஆட்கள்.
இறங்கவில்லை.

கொட்டையின் கதை கொஞ்சம் பலமானது:
கெட்ட கொழுப்பு குறைகிறது, சற்றே,
பல நாட்டில், பல தடவை. நம்பலாம்.
மூளை போலிருப்பதால் மூளைக்கு நல்லதாம்.
அப்படியென்றால் கூனிறால் தின்ற எங்களுக்கெல்லாம்
எப்போதோ கூன் விழுந்திருக்க வேண்டுமே!
வயதானவர்கள் அறுநூறு பேருக்கு மேல்
இரண்டு வருஷம் தின்று பார்த்தார்கள்;
ஞாபகம் பெரிதாய் வேறுபடவில்லை.

பச்சைத் தோலில் ஒரு நஞ்சு இருக்கிறது.
அந்த மரத்தடியில் தக்காளி வாடிவிடும்.
கண்ணாடித் தட்டில் அது
புற்றின் கலங்களைக் கொல்கிறது.
தட்டில் கொல்வது சுலபம்.
தட்டுக்கு ஈரல் இல்லை,
தட்டை நம்பி வீட்டில் நாலு பேர் இல்லை.

இத்தனையும் வாசித்தேன்,
கண்டிராத ஒரு மரத்தைப் பற்றி.
குளிர்காலம் இல்லாமல் அது காய்க்காதாம்.
இங்கே மாரி இருக்கிறது, உப்புக்காற்று இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வந்தார்.
சொல்ல வேண்டியதையெல்லாம்
கணக்குப் போல் அடுக்கி வைத்திருந்தேன்.
எலி, அறுபது பேர், அந்த ஒரு வரி.
பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மகள், இலைய நானும் பெரிசா நம்பல்ல.
குளிசையப் போட்டா வயிறு கலக்குது.
நெல்லு லொறி. மஹா ஓயா றோட்டு. விடியச்சாமம்.
எங்க நிப்பாட்டுற?
இந்தத் தண்ணி வயித்த ஒண்டும் செய்யல்ல.
அதான்."

பதினான்கு மாதம்
அதே குளிசையை அதே உறையில் போட்டு
"சாப்பாட்டுக்குப் பிறகு" என்று
அவர் கையில் கொடுத்தவள் நான்.
வயிறு எப்படி என்று ஒருநாளும் கேட்கவில்லை.
நான் வாசித்த தாள்களில்
எதிலும் லொறி இல்லை.

மெதுவாய்க் கரையும் குளிசை ஒன்று இருக்கிறது.
டொக்டரிடம் போய்த் துண்டை மாற்றி வாங்கி வந்தேன்.
இராச் சாப்பாட்டோடு, ஒன்று.
கால் கட்டை அவிழ்க்கச் சொல்லி
பத்தாம் அறைக்கு அனுப்பினேன்.
முனகிக்கொண்டே போனார்.

பொட்டலம் கவுண்டரிலேயே கிடந்தது.
பின்னால் நின்ற பெண்
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது எதுக்கு நல்லம் மிஸ்?"

"உங்களுக்கு என்ன குளிசை?" என்றேன்.
"ஒழுங்காப் போடுறீங்களா?"

கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு
அவள் பேசாமல் நின்றாள்.
வரிசையை விட்டுவிட்டு
நானும் காத்திருந்தேன்.