ஏழாம் எண் கசிவு

பாலிசியைப் புதுப்பிக்க வேண்டுமானால்
நீர்க்கசிவு காட்டும் கருவி ஒன்பது
பொருத்தியாக வேண்டும் என்று கடிதம் வந்தது.
'முப்பது நாளுக்கு மேல் ஆள் இல்லாத வீடு.'
அவர்கள் சொல் அது.

பள்ளத்தூர் வீட்டுக்குப் பங்காளிகள் பதினொரு பேர்.
அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம்
நாற்பது வருஷத்தில் இதுதான் என்றார்
ஈப்போவிலிருந்து அடைக்கப்பன்.
திரையில் பாதி முகம், மீதி மின்விசிறி.

எனக்குக் காரைக்குடி. செக்காலை ரோட்டில் கடை.
ஏசி, இன்வெர்ட்டர், கேமரா, இப்போது இது:
ஆறிய இட்லி அளவு, வெள்ளை,
அடியில் இரண்டு பித்தளைப் பொட்டு.
பொட்டு இரண்டையும் தண்ணீர் சேர்த்துத் தொட்டால்
கத்தும்.

மாயழகு திறந்துவிட்டாள்.
கொத்தைப் பார்க்காமலே விரல் சாவியை எடுத்தது.
எந்த மூலையில் ஓடு விட்டிருக்கிறது,
எந்தக் குழாய் ஆடியில் சும்மா இருந்து
கார்த்திகையில் அழும்,
சொல்லிக்கொண்டே முன்னால் போனாள்.
நான் எண் போட்டுக்கொண்டே பின்னால்.

முற்றத்தில்தான் முட்டியது.
மழையைக் கூப்பிட்டு வாங்கவே
வானத்துக்குத் திறந்து வைத்த இடம்.
கம்பெனிக்குப் போன் போட்டேன்.
'எதிர்பாராமல் உட்புகும் நீர்' என்று
ஒரு பெண் படித்துக் காட்டினாள்.
இந்தச் சீமையில் மழையை
எதிர்பார்த்துத்தானேம்மா உட்கார்ந்திருக்கோம் என்றேன்.
காத்திருக்கச் சொன்னாள்.
ரொம்ப நேரம் வயலின் வாசித்தது.

படிவத்தில் பதினாலாம் கேள்வி:
தற்போது வசிப்போர்.
'யாருமில்லைன்னு போடுங்க' என்றார் அடைக்கப்பன்.
அந்நேரம் மாயழகு
குவளையில் தண்ணீரோடு வந்து நின்றாள்.
யாருமில்லை என்று போட்டேன்.
பாதியைக் குடித்துவிட்டு
மீதியை ஒன்றாம் எண்ணின் காலடியில் ஊற்றினேன்.
பதினொரு போனிலும் அடித்தது.
பெர்த்திலிருந்து ஒரு கட்டைவிரல்.
சென்னையிலிருந்து: இதுக்கு யார் பில்?

பன்னிரண்டு நாள் கழித்து
ஏழாம் எண் கத்த ஆரம்பித்தது.
விடியற்காலை நாலு ஐம்பது.
மறுநாளும் நாலு ஐம்பது. அதற்கு மறுநாளும்.
ஆறு நிமிஷம் கசிந்து, தானாக நிற்கிறது.
ஈப்போவில் அப்போது ஏழு இருபது,
அடைக்கப்பன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
'நேரம் பாத்துக் கசியிற குழா
எந்த ஊர்ல தம்பி இருக்கு?'

பைக்கை எடுத்தேன். கோட்டையூர் தாண்டும்வரை
நாய்கள் கூடவே வந்தன.
பின்வாசல் வழியாக இரண்டாம் கட்டு.
மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம்
செம்பு தொட்டியில் முட்டும் சத்தம்,
தண்ணீர் விழும் சத்தம்,
மறுபடி செம்பு.
தடுப்புக்கு அடியில் ஒரு கோடு நழுவி வந்து
பூக்கல்லின் சிவப்பைத் தாண்டி
என் கருவியைத் தொட்டது.

வாசலுக்குத் திரும்பிப் போய்
இருமிவிட்டு நின்றேன்.

ஈரத் தலையில் துண்டோடு வந்தாள்.
"எங்க தெருக் குழாயில
மூணு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி" என்றாள்.
பிறகு, நான் கேட்காமலே,
"பதினேழு வருசமா ராத்திரி இங்கதான் படுக்கை.
காவலுக்குன்னு சொன்னது அவுகதான்."
பதினேழு வருஷம். முப்பது நாள்.
என் செல்லில் அவளுடைய குளியல்கள் வரிசையாக,
தேதி வாரியாக, நொடி வாரியாக.
இதைக் காட்டினால்
வீட்டில் ஆள் இருப்பது நிரூபணம் ஆகும்.
அதற்கப்புறம் ஆள் இருக்க மாட்டாள்.

மூலையில் ஒரு மரக்கால் கிடந்தது.
கவிழ்த்து, இரண்டு சாண் தள்ளி,
ஏழாம் எண்ணை அதன் மேல் ஏற்றினேன்.
இனி வெள்ளம் வந்தால்தான் அதற்குத் தெரியும்.
'கசிவு இல்லை. ஈரப்பதத்தால் தவறான எச்சரிக்கை.'
நாளைக்கு இந்தக் கட்டு ஊறி இடிந்தால்
அந்த வரிக்குக் கீழே இருப்பது
என் கையெழுத்து. தெரியும்.

பில்லைப் பதினொன்றாகப் பிரித்து அனுப்பினேன்.
இதுவரை நாலு பங்கு வந்திருக்கிறது.

நாலு ஐம்பதுக்கு எனக்கு மட்டும்
இன்னும் விழிப்பு வருகிறது.
செல் பேசாமல் கிடக்கிறது.
ஆள் இல்லாத வீட்டில்
செம்பு தொட்டியில் முட்டும் நேரம்.