நாற்பது ரூபா வளையம்

பஞ்சிகாவத்தைக்கு யாரும் துவக்கோடு வருவதில்லை.
கியர்பெட்டி வரும். வெடித்த சிலிண்டர் தலை வரும்.
ஒருமுறை ஐஸ் அரைக்கும் மெஷின் வந்தது.
அன்று மாட்டு டொக்டர் வீரக்கொடி
பட்மின்டன் பையைத் திறந்து
என் லேத்தின் அருகே மூன்று துண்டுகளை வைத்தார்:
குழல், பின்கட்டை, முன்கட்டை.
மேலே லைசன்ஸ் தாள்,
மருந்துச் சீட்டு நீட்டுவதுபோல.

ஒரே தோட்டா பிடிக்கும் ரைபிள். நடுவில் மடியும்.
சிலாபத்தில் அவருடைய தென்னங்கன்றுகளைப்
பன்றி கிளறுகிறதாம்.
"முதல் வெடி சரி. இரண்டாவது மேலே.
மூன்றாவது அதற்கும் மேலே. ஸ்கோப்தான் பழுது."
ஸ்கோப்பை மாற்றியாயிற்று. தோட்டாவை மாற்றியாயிற்று.
பொரளையில் தன் மூக்குக்கண்ணாடியையும்.
எல்லாவற்றையும் ஒரே கிழமையில் மாற்றினால்
எது கள்ளன் என்று யார் சொல்வது?

நான் துவக்கு வைத்தியன் அல்ல.
அதிர்கிற இரும்பை மட்டும் தெரியும்.
ஸ்கோப் தட்டின் திருகுகள் அசையவில்லை.
குழல்வாய் விளிம்பில் காயமில்லை.
மடிப்பு ஊசியில் ஆட்டமில்லை.
பிறகு முன்கட்டையைப் பூட்டி,
சட்டைப்பையில் கிடந்த 138 பஸ் டிக்கெட்டைக்
குழலுக்கும் மரத்துக்கும் இடையில் செருகினேன்.
பாதி போயிற்று.
நின்றது.

மழைக்காலக் கொழும்பு: என் வீட்டுக் குளியலறைக் கதவே
ஊதிப்போய் உதைத்தால்தான் மூடும்.
இந்த மரமும் குடித்திருக்கிறது,
குடித்துவிட்டுக் குழலின் வயிற்றில் விரல் வைத்து அமர்த்துகிறது.
குழல் சூடாகும்; சூடாக முறுக்கிக்கொள்ளும்;
ஒவ்வொரு வெடியும் ஒரு படி ஏறும்.

தாளில் உரைத்தேன், டிக்கெட் வழுக்கிப் போகும்வரை.
எதிர்க்கடை நவ்சாத்திடம் த்ரீவீலர் கார்பரேட்டர் வளையம் ஒன்று,
கறுப்பு ரப்பர், நாற்பது ரூபா.
திருகு ஏறும் இடத்தில், இரும்புக்கும் கட்டைக்கும் நடுவே.
"இவ்வளவுதானா?" என்றார் டொக்டர்.
ஸ்கோப் இரண்டின் விலை அவர் முகத்தில் ஓடியது.

ஞாயிறு, ஹங்வெல்லப் பக்கத்துச் சுடுதிடல்.
"உன் வேலை, நீயே சுடு."
மணல் மூட்டையில் கட்டையைச் சாய்த்தேன்.
ஒரு வெடி. காத்திருப்பு.
குழல் ஆறும்வரை டொக்டர் ரம்புட்டான் உரித்தார்.
இன்னொன்று. இன்னும் தோல்.
மூன்றாவது.
மூன்று துளைகளும் ஒரு ரூபாக் குற்றியின் கீழ் மறைந்தன.

நான்காவதுக்கு மூச்சைப் பிடித்தபோது
திரும்பும் வழி ஞாபகம் வந்தது.
காலையில் கடுவெலையில் மறித்தார்கள்.
டொக்டரிடம் லைசன்ஸ் வாங்கினான்.
என்னிடம் அடையாள அட்டை.
லைசன்ஸை ஒருதரம் பார்த்தான், அட்டையை இரண்டுதரம் திருப்பினான்.
"இதில் எத்தனை தோட்டா போகும்?"
கேட்டது டொக்டரை, பார்த்தது என்னை.
ஒன்றுதான் என்றேன், நல்ல சிங்களத்தில்.
இருபது வருஷமாக அதையும் தாளில் உரைத்திருக்கிறேன்,
எங்கும் உரசாமல் வழுக்கிப் போகும்வரை.

விரல் இழுத்துவிட்டது.
இடப்பக்கம், நாலு விரற்கடை தள்ளி.
"காற்றா?" என்றார் டொக்டர்.
ரம்புட்டான் தோல்கள் அசையாமல் கிடந்தன.
"ஓம். காற்று."

ஆடியில் சிலாபத்திலிருந்து போன்.
அறுபது எட்டில் பன்றி நின்றதாம்,
ஒரே வெடி, தப்பிற்றாம்.
"இப்ப ரைபிளைக் குறை சொல்லவும் வழியில்லையே"
என்று சிரித்தார். கோபம்தான் அது.
பணம் இன்னும் தரவில்லை.

இலக்குத் தாளை லேத்துக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.
ஆணிக்குத் தனியாக ஓட்டை போடவில்லை,
நான்காவது இருந்தது.
கொஞ்சம் சரிந்து தொங்குகிறது.