உரசு மாத்திரை

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில்
எட்டடி அகலக் கடை.
ஜெயில் இல்லாத பழைய ஜெயில் ரோடு.
காலை ஏழரைக்கு ஷட்டரைத் தூக்கினால்
இரவு பதினொன்று வரை
அடுத்தவர் ஈரல்களுக்கு நடுவே நிற்கிறேன்.

எஸ்தாக்கி வருவது செவ்வாய்க்கிழமைகளில்.
காசிமேட்டு விசைப்படகில் டிரைவர்.
கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில்
பழைய ரேஷன் கார்டின் மஞ்சள்.
சீட்டை நீட்டமாட்டார்.
"உரசு மாத்திரை பத்து" என்பார்.

அட்டையில் இருப்பது
உர்சோடியாக்சிகோலிக் அமிலம், முந்நூறு மில்லிகிராம்.
பில்லில் முழுசாக இடம் போதாமல்
உர்சோடியாக் என்று முறிந்து நிற்கும்.

"இன்னாம்மா அர்த்தம் அதுக்கு?
உள்ள போயி ஈரல உரசுமா?"

அன்று மழை. கூட்டமில்லை. சொன்னேன்.

உர்சுஸ் என்றால் லத்தீனில் கரடி.
குடும்பம் மொத்தத்துக்கும் உர்சிடே.
நம்ம காட்டுக் கரடிக்கு இன்னும் வேடிக்கை:
மெலுர்சுஸ் உர்சினுஸ்,
தேன்கரடி, கரடி மாதிரியானது.
கரடியைப் பார்த்தே
கரடி மாதிரி இருக்கிறாய் என்று
எழுதி வைத்துவிட்டார்கள்.
முதலில் பெயரிட்டவன் அதை
மரத்தில் தலைகீழாய்த் தொங்கும்
வேறொரு சோம்பல் மிருகம் என்று நினைத்தானாம்.
பிற்பாடு திருத்தியபோது
'மாதிரி' மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்த அமிலத்தை முதலில் கண்டது
கரடியின் பித்தத்தில்.
அதனால்தான் அட்டையில் கரடி.

எஸ்தாக்கி சிரித்தார்.
"கரடி வுடாத டாக்டரம்மா."

நான் டாக்டர் இல்லை, டிப்ளமோ.
விட்டதும் கரடி இல்லை.
பொய் சொன்னால் கரடி,
நேரங்கெட்ட நேரத்தில் வந்து நின்றாலும் கரடி.
நான் நேரில் பார்த்தது ஒரே தடவை,
வண்டலூர்க் கம்பிக்குப் பின்னால்,
முதுகை மட்டும்.

நமக்கும் பழைய சொல் ஒன்று உண்டு, எண்கு,
என்றேன்.
"எங்க?" என்று
ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

வானத்திலும் ஒன்று இருக்கிறது, வடக்கே,
ஏழு நட்சத்திரம், பெரிய உர்சா என்றேன்.
அதற்கு மட்டும் கோபம் வந்தது.
"இருவத்தாறு வருசமா பாக்குறேன்.
கரடியாம். அது வெள்ளி, ஏழு வெள்ளி."
பள்ளிக்கூடத்துத் தமிழில் அது எழுமீன்.
அவர் பிழைப்பே அதில் இருந்தது.
ஏனோ நான் சொல்லவில்லை.

"இப்ப கரடிய எங்க வெச்சுப் புடிக்கிறானுங்கோ?"

சில தேசங்களில் இன்னும்
கூண்டில் போட்டுக் குழாய் சொருகி வடிக்கிறார்களாம்.
நம் அட்டையில் இருப்பது
தொழிற்சாலையில் மாற்றிய மாட்டுப் பித்தம்.

"அட, ஆடுதொட்டி சமாச்சாரம்.
அப்ப பேரு மட்டும் எதுக்குக் கரடி?"

வெளியே ஷேர் ஆட்டோக்காரன்
வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு என்று
கத்திக்கொண்டு போனான்.
அவனிடம் யாரும்
புளியமரத்தைக் கேட்கவில்லை.

நனைந்த பத்து ரூபாய் நோட்டுகளாக எண்ணி வைத்தார்.
வீட்டுக்குப் போய்ச் சின்னவனிடம்
தினம் ஒரு கரடியை முழுங்குகிறேன் என்று
சொல்லப்போவதாகச் சொன்னார்.
படியில் வழுக்கி, சமாளித்து,
ஆஸ்பத்திரி வாசலின் குடைகளுக்குள் போனார்.

அதற்கப்புறம் மூன்று செவ்வாய்.

நாலாவதில் வந்தது பெலிசியா.
பிளாஸ்டிக் கவருக்குள் கத்தரித்த பாதி அட்டை.
ஆறு மாத்திரை.
"திருப்பி எடுத்துக்குவீங்களாமே?"

வெட்டிய அட்டை திரும்பப் பெறப்படமாட்டாது.
அந்த போர்டு என் கையெழுத்துதான்,
அவள் தலைக்கு நேர் மேலே தொங்கியது.

அவரு எங்க, என்று கேட்டேன்.

பெலிசியா
மல்டிவைட்டமின் டப்பாக்களைப் பார்த்தாள்.
ஃபேனைப் பார்த்தாள்.
"பையன் கேட்டுனே இருக்கான், கரடி மாத்திரை கரடி மாத்திரைன்னு.
நெஜமாவே அப்படி ஒண்ணு இருக்கா?"

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
டியாக்சிகோலிக், முந்நூறு.
முன்பாதி கத்தரியில் போயிருந்தது.

இருக்கு, என்றேன்.
கல்லாவில் போடாமல்
என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
மீதிச் சில்லறையை அவள்
இரண்டு தரம் எண்ணினாள்.