ஒன்பது, காற்புள்ளி

ஆம்பூர் தோல் ஷாப்பில்
ஃபேக்ஸ் சர்வர் வைத்த முதல் வாரம்.
"இத்தாலிக்கு ஒரு தாள்கூட போகல"
என்றார் நயீமுல்லா.

விதிகளைத் திறந்தேன்.
04174 வந்தால் வெட்டு.
பூஜ்யம் இரண்டென்றால் வெளிநாடு.
மூன்று முறை முயல், ஐந்து நிமிடம் விட்டு.
எல்லாம் சரி.

காவல் அறையில் தனகோட்டியின் நோட்டு:
"ராத்திரி 2.10. போன். பாம்புச் சீறல். பேசல.
2.15. அதே பாம்பு.
2.20. யாருப்பா, வீட்ல எதுனா பிரச்சனையான்னு கேட்டேன்.
சீறிட்டு வெச்சிடுச்சு."

வெளி லைனுக்கு ஒன்பது போட மறந்திருக்கிறேன்.
முதல் பூஜ்யத்திலேயே
வாசலுக்குத் திரும்பிவிட்டது
இரண்டாயிரம் அடி ஆட்டுத்தோலின் விலை.

எண்ணுக்கு முன்னால் சேர்த்தேன்
ஒன்பது, ஒரு காற்புள்ளி:
டயல் டோன் வரும்வரை
மூச்சைப் பிடித்திருக்க.

மறுநாள் நோட்டில்
"2.10. போன் வரல.
2.15. வரல."
அதற்குக் கீழே
2.20 என்று மட்டும்.