அலுமினியம்

இன்று எல்லோரும் கோப்பையைப் பற்றிப் பேசுவார்கள்.
நான் எலெக்ட்ரீஷியன்.
சுவருக்குள் இருப்பதைப் பேசுகிறேன்.

லூத்தர் ஹவ்லிக் கட்டிய வீடுகள் முந்நூற்று நாற்பது.
ஈரி ஏரிக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவை.
கார் ஆலையில் கதவு பூட்டுகிறவன்
தன் சம்பளத்தில் வாங்க முடிந்த முதல் சமையலறை.
குளியலறைக் கதவு மட்டும்
ஜூலைப் புழுக்கத்தில் எல்லா வீட்டிலும் இறுகும்,
தோளால் முட்டித்தான் வெளியே வரவேண்டும்.

அந்த வருடங்களில் செம்பு விலை ஏறிக்கிடந்தது.
எல்லோரும் அலுமினியக் கம்பி இழுத்தார்கள்.
அவரும் இழுத்தார்.
சட்டம் தடுக்கவில்லை,
கணக்கு இனித்தது.

எழுபத்திரண்டு மார்ச்.
டான்பரி வளைவு, பதினேழாம் எண்.
சுவிட்சுக்குப் பின்னால் ஒரு திருகு
சூடாகித் தளர்ந்தது
தளர்ந்து சூடானது
இரவு இரண்டு மணிக்குச் சுவர் பேசத் தொடங்கியது.
கொரின் என்கிற ஒன்பது வயதுக்காரி
ஜன்னல் வழியே பனியில் விழுந்தாள்.
உயிர் இருந்தது.
வலது கை, பாதி முகம்
அந்த வீட்டோடு போயின.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.
கரிக்குள் நின்றோம்.
பென்சிலால் காதோரம் சொறிந்தபடி கேட்டார்:
"இதே மாதிரி எத்தனை இருக்கும்?"
"கட்டியவர் நீங்கள்" என்றேன்.

கம்பியை மாற்றினால்
குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்றார் வக்கீல்.
"ஆகட்டும்" என்றார் லூத்தர்.
அதற்கு மேல் அவரிடம் வாக்கியம் இல்லை.
சொந்த வீட்டை அடகு வைத்தார்.
நான்கு வருடம், வீடு வீடாக,
மனிதர்கள் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போதே
சுவரைக் கிழித்துச் செம்பு இழுத்தோம்.
அப்படியே அந்தக் கதவுகளையும் சீவிவிடலாமா என்றேன்.
"கதவு யாரையும் கொல்லாது, அடுத்த வீட்டுக்குப் போ."
கதவுகள் இன்றும் இறுகுகின்றன.

பணம் பிறகுதான் வந்தது,
கிடங்குகளில், நெடுஞ்சாலை ஓர நிலங்களில்.
எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியை
டல்சாவுக்கு விற்கப் பார்த்தபோது
இரண்டு நாளில் வாங்கினார்.
நாரைகள் என்று பேர்.
ஒற்றைக் காலில் நின்றே தோற்பார்கள், பத்தொன்பது சீசன்.
ஆஃப்சைடு என்றால் என்னவென்று
கடைசி வரை அவருக்குப் புரியவில்லை.
ஆட்டம் நடக்கையில் கூரையைப் பார்ப்பார்.
இடைவேளையில் எனக்குப் போன் வரும்:
"வடக்கு மூலையில் மூன்று விளக்கு எரியவில்லை."

ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு டாலர்
குழந்தைகளுக்கான தீக்காயப் பிரிவுக்குப் போனது.
பிரிவின் வாசலில் அவர் பெயர் இல்லை.
அங்கே கண்ணாடிகள் எல்லாம் கொக்கியில் தொங்கும்.
எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது
என்பதைக் குழந்தை சொல்லும்.
அது கொரினின் யோசனை.
ஒரே ஒரு கூட்டத்துக்கு வந்தாள்,
தொப்பியைக் கழற்றாமல் அதைச் சொன்னாள்,
காபியைத் தொடாமல் போனாள்.
மன்னித்தேன் என்று சொன்னதாகப் பத்திரிகை எழுதியது.
அவள் சொல்லவில்லை.
நான் அந்த அறையில் ட்யூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தேன்.

கோப்பை கிடைத்த இரவில்
ஊரே ஏரிக்கரையில் கத்தியது.
இவர் வண்டி நிறுத்துமிடத்தில்
தெருவிளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
"ஜெயித்துவிட்டோம்" என்றேன்.
"யாருக்கும் அடி இல்லையே?"

சென்ற செவ்வாய் போய்ச் சேர்ந்தார்.
அரங்கின் நுழைவில் பெரிய படம் மாட்டி
அதற்கென்று தனி விளக்கு வைத்திருக்கிறார்கள்.
நல்ல படம். காதில் பென்சில் இல்லை.
கூட்டம் உள்ளே போனதும்
சுவிட்ச் மூடியைக் கழற்றினேன்.
செம்புதான்.
விரல் வைத்துப் பார்த்தேன், சுடவில்லை.
இருந்தாலும் திருகை
இன்னும் கால் சுற்று இறுக்கினேன்.