ஓரம் ஓர் அங்குலம்

முதல் முறை திரும்பி வந்தது
ஓரம் சரியில்லை என்று.
நான்கு பக்கமும் ஓர் அங்குலம் விட வேண்டுமாம்.
என் மேல்முறையீட்டில் இடப்பக்கம் ஒன்றேகால்.
காரணத்தை இன்னும் யாரும் படிக்கவில்லை.

காரணம் இதுதான்.
நெப்ராஸ்கா தேசியக் காவல்படை, பொறியாளர் கம்பெனி,
சார்ஜென்ட் ஜோலீன் ஹோல்ம்க்விஸ்ட்,
ஸ்டாஃப் சார்ஜென்ட் பட்டியலில் நான்காவது பெயர்.
நீக்கப்பட்டது.
கட்டாயப் பயிற்சி: முற்றுப்பெறவில்லை.

உண்மைதான், முற்றுப்பெறவில்லை.
முப்பத்தொரு நாள் பள்ளியில்
இருபத்திரண்டாம் நாள் மதியம்
தட்டில் மக்கரோனி வாங்கிய கையோடு
வெளியே கூப்பிட்டார்கள்.
எல்க்ஹார்ன் ஆறு பனிப்பாளங்களை உருட்டிக்கொண்டு
ஊருக்குள் வந்துகொண்டிருந்தது.
உடனே திரும்பு என்றது கட்டளை.
கட்டளை தொலைபேசியில் வந்தது.
தொலைபேசிக்கு ஓரம் கிடையாது
நகலும் கிடையாது.

அடுத்த பதினேழு நாள்
மணல், சாக்கு, மணல்.
பன்றிப் பண்ணைக் கூரைமேல் நாலு பேர், ஒரு நாய்.
நாய்தான் கடைசிவரை படகில் ஏற மாட்டேன் என்றது.
டட்டன், பத்தொன்பது வயது,
விரல்கள் இருப்பதே தெரியவில்லை என்று அழுதான்.
அவன் இரண்டு கைகளையும் என் அக்குளில் செருகிக்கொண்டு
நாற்பது நிமிடம் லாரியில் உட்கார்ந்திருந்தேன்.
விரல்கள் பிழைத்தன.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
கறியில் வெந்த சுரைக்காய்
ஏட்டில் ஏறாது என்பதை
யாரும் சொல்லித்தரவில்லை.

விட்டுப்போன ஒன்பது நாளில் என்ன பாடம்?
கேட்டதற்குப் பள்ளி அட்டவணை அனுப்பியது.
அணிவகுப்பு. உடல்தகுதி.
கடைசி நான்கு நாள்:
ராணுவக் கடிதம் எழுதும் முறை.
சமையலறையில் தனியாக நின்று
வெகுநேரம் சிரித்தேன்.

ஜூலையில் டுவைட் குசெரா வந்தான்.
பட்டியலில் ஐந்தாவது பெயர்,
இப்போது நான்காவது.
வகுப்பில் என் பக்கத்து மேசை.
அவன் கம்பெனி மேற்கே, மேட்டு நிலத்தில்.
அங்கே அந்த மார்ச்சில்
தண்ணீர் கணுக்காலைக்கூடத் தொடவில்லை.
சீருடைக்கு மேல் மழைக்கோட்டு போட்டிருந்தான்.
வெளியே முப்பத்தெட்டு டிகிரி.

காகிதத்தைக் காட்டு என்றான்.
பத்திகளுக்கு எண் போடச் சொன்னான்.
ஆறு வேண்டாம், அவசரப்பணி என்று எழுது.
நாய் வேண்டாம்.
அக்குள் வேண்டவே வேண்டாம்.
கட்டளையிட்ட கேப்டனிடம் சான்று வாங்கினாயா?
அவர் டெக்ஸாஸில் காப்பீடு விற்கிறார்,
தேதி நினைவில்லை என்கிறார் என்றேன்.
தேதியை நீ சொல், அவர் கையெழுத்திடட்டும் என்றான்.
நன்றாகத்தான் படித்திருந்தான்.

மூன்றாம் பத்தியை அவன் சொல்லச் சொல்லத் தட்டினேன்.
படித்துப் பார்த்தால்
அந்த சார்ஜென்ட்மேல் எனக்கே மரியாதை வந்தது.
யாரோ ஒருத்தி.
உடம்பில் ஒரு சொட்டு ஈரம் படாதவள்.

நீ ஜெயித்தால் என் இடம் போகாது, விசாரித்துவிட்டேன்,
என்றான் திரையைப் பார்த்தபடி.
விசாரிக்காமல் வந்திருப்பாயா என்று
கேட்க வாயெடுத்து
காபி வேண்டுமா என்று கேட்டேன்.

அச்செடுத்தோம்.
என் மகளின் பள்ளி அளவுகோலை வைத்து
நான்கு பக்கமும் அளந்தான்.
நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை
காகிதத்தில் விழாமல் தலையைத் திருப்பிக்கொண்டான்.

கோட்டைக் கழற்று என்றேன்.
பரவாயில்லை என்றான்.
கழற்று, டுவைட்.

கழற்றினான்.
மார்பில் புதுப் பட்டை,
ஒரு மூலை ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றது.
கட்டைவிரலால் அழுத்தி
ஒட்டிவிட்டேன்.